பிஎம்எஸ் கட்டணமும் புரோக்கரேஜும்: எது கழியும், எது கழியாது – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவையில் இருக்கும் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு 2024 ஜூன் இரண்டாம் வாரம் ஒரு புதிய வாடிக்கையாளர் வந்தார். வயது 63. நூற்பாலை ஒன்றில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடவுன் வாடகையும் பேங்க் டெபாசிட் வட்டியுமாக வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் ரூபாய் வருமானம். குடும்ப நிலத்தில் தன் பங்குக்கு வந்த பணத்தில் 60 லட்சத்தை 2021 ஆகஸ்டில் ஒரு பிஎம்எஸ் நிறுவனத்தில் போட்டிருந்தார். பிஎம்எஸ் என்றால் போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவை. பணம் நம்முடையது, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கும் நம் பெயரில்தான் இருக்கும். எந்தப் பங்கை எப்போது வாங்குவது, விற்பது என்பதை மட்டும் மேலாளர் முடிவு செய்வார். பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 50 லட்சம் ரூபாய் இல்லாமல் இதில் சேர முடியாது.

இது தவிர தன் சொந்த டீமேட் கணக்கிலும் சின்னச் சின்னதாக வாங்கி விற்று வந்தார். முந்தைய இரண்டு வருடங்கள் ரிட்டர்னைத் தானே போட்டிருந்தார். கணக்கில் கெட்டிக்காரர். மில்லில் 30 வருடம் பருத்தி விலையும் நூல் விலையும் பார்த்தவர். எக்ஸெல் ஷீட்டில் ஒரு பைசா விடாமல் எழுதி வைத்திருந்தார். இந்த முறை தொகை பெரிதாகிவிட்டது, ஒருமுறை பார்த்துக் கொடுங்கள் என்றுதான் வந்தார்.

கீழே வரும் தொகைகள் படிக்க வசதியாக ரவுண்டு செய்யப்பட்டவை. சட்டப் பிரிவுகள் எல்லாம் அந்த வருடங்களுக்குப் பொருந்திய 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள்.

அவர் ஷீட்டில் இருந்தது

2023-24 நிதியாண்டில் பிஎம்எஸ் மூலமும் சொந்தக் கணக்கு மூலமும் விற்ற பங்குகளில் கிடைத்த ஆதாயத்தை எடுத்து, அதிலிருந்து அவர் இவற்றையெல்லாம் கழித்திருந்தார்: புரோக்கரேஜ் (தரகு) 9,440 ரூபாய், பிஎம்எஸ் மேலாண்மைக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 2,83,200, கஸ்டடி (பங்குகளைப் பாதுகாத்து வைப்பது) மற்றும் கணக்குப் பராமரிப்பு 14,160, டீமேட் ஆண்டுக் கட்டணம் 885, பங்கு ஆலோசனைச் சந்தா 11,800. அதற்குப் பிறகு மிஞ்சிய 5,27,915 ரூபாய்தான் அவர் கணக்கில் வரி கட்ட வேண்டிய ஆதாயம்.

மேலாண்மைக் கட்டணம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், பின்னால் வரும் முடிவு அதில்தான் தொங்குகிறது. வருடம் முழுக்க இருந்த சராசரி மதிப்பு 74 லட்சம், அதில் 1.5 சதவீதம் நிலைக் கட்டணம், 1,11,000. 2023-24 சந்தை நன்றாக ஏறிய வருடம். 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த தொகையில் 15 சதவீதம் செயல்திறன் கட்டணம், 1,29,000. இரண்டும் சேர்ந்து 2,40,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 43,200.

பிஎம்எஸ்ஸில் அந்த வருடம் விற்றுக் கிடைத்த ஆதாயம் குறுகிய காலத்தில் 2,60,000, நீண்ட காலத்தில், அதாவது 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றதில், 4,85,000. ஆக 7,45,000 ஆதாயத்துக்கு எதிரே கிட்டத்தட்ட மூன்று லட்சம் கட்டணம். "ஏனுங்க தம்பி, காசு என் கணக்குல இருந்துதானே போச்சு? செலவு இல்லாம எப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குச் சட்டம் சொல்லும் பதில் அவ்வளவு நியாயமாகப் படாமல் போகலாம், ஆனால் தெளிவாகவே இருக்கிறது.

கான்ட்ராக்ட் நோட்டில் கண்டது

கட்டண விவாதத்துக்குப் போவதற்கு முன்பே ஷீட்டில் வேறொன்று உறுத்தியது. விற்பனைத் தொகை எதுவும் முழு எண்ணாக இல்லை. எல்லாம் பைசாவோடு முடிந்தன. எனவே பிஎம்எஸ் நிறுவனம் அனுப்பிய சுருக்க அறிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, பரிவர்த்தனை வாரியான அறிக்கையையும், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புரோக்கர் தரும் கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டுகளையும் கேட்டோம். வர ஒன்பது நாள் ஆனது.

ஒரு நோட்டை மட்டும் இங்கே பிரித்துக் காட்டுகிறேன். ஒரு பங்கு 1,250 ரூபாய் வீதம் 200 பங்குகள் விற்பனை. மொத்தம் 2,50,000. கீழே வரிசையாக: புரோக்கரேஜ் 250 ரூபாய், எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 8 ரூபாய் 13 பைசா, செபி கட்டணம் 25 பைசா, இவற்றின் மேல் ஜிஎஸ்டி 46 ரூபாய் 51 பைசா. அதற்கு அடுத்த வரியில் பங்குப் பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, 250 ரூபாய். எல்லாம் கழிந்து கையில் வந்த நிகரத் தொகை 2,49,445 ரூபாய் 11 பைசா.

புரோக்கரேஜும் 250, எஸ்டிடியும் 250. ஒரே தொகை, அடுத்தடுத்த வரிகள். ஆனால் 48-வது பிரிவில் மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது முதலாவது கழியும், இரண்டாவது கழியாது. விற்பனையோடு முழுக்கவும் தனியாகவும் தொடர்புடைய செலவு என்பதால் விற்கும்போது கொடுத்த புரோக்கரேஜைக் கழிக்கலாம். வாங்கும்போது கொடுத்தது வாங்கிய விலையோடு சேர்ந்துவிடும். அதன் மேல் வரும் ஜிஎஸ்டியும் எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் கூடவே போகும். வாங்கும்போது கட்டும் 0.015 சதவீத முத்திரைத் தீர்வையும் அப்படித்தான். எஸ்டிடியை மட்டும் கழிக்கவே கூடாது என்று அந்தப் பிரிவின் காப்பு வாசகமே சொல்லிவிட்டது.

அவர் செய்தது என்னவென்றால், நிகரத் தொகை நெடுவரிசையை அப்படியே விற்பனை விலையாக எடுத்துக்கொண்டார். அதில் புரோக்கரேஜ் ஏற்கெனவே கழிந்துவிட்டது. பிறகு வருட மொத்தப் புரோக்கரேஜ் என்று 9,440-ஐ இன்னொரு முறை கழித்தார். கூடவே எஸ்டிடியும் யாருக்கும் தெரியாமல் கழிந்துபோனது. வாங்கல் விற்றல் இரண்டிலும் சேர்த்து அந்த வருடத்துக்கு அது 7,600 ரூபாய். ஷீட்டில் எஸ்டிடி என்ற பெயரே இல்லை, அதனால் கழித்ததே அவருக்குத் தெரியாது. இதில் எந்த உள்நோக்கமும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நிகரம் என்ற சொல்லே "எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது" என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது.

இந்தத் தவறுகளைச் சரிசெய்து, கட்டணம் எதையும் கழிக்காமல் பார்த்தபோது ஆதாயம் இப்படி வந்தது: குறுகிய காலம் 3,00,000 (பிஎம்எஸ் 2,60,000, சொந்தக் கணக்கு 40,000), நீண்ட காலம் 5,55,000 (பிஎம்எஸ் 4,85,000, சொந்தக் கணக்கு 70,000). மொத்தம் 8,55,000.

சொந்தக் கணக்கில் விற்ற பங்குகளில் சில 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியவை. அந்த நாள் சந்தை விலையை அடக்க விலையாக எடுக்கும்போது, பழைய புரோக்கரேஜை அதன் மேல் ஏற்றக் கூடாது. இதில் தொகை சொற்பம்தான், ஆனாலும் திருத்தினோம்.

மேலாண்மைக் கட்டணம்: இரண்டு பார்வைகள்

இங்கேதான் அதிக நேரம் செலவானது. வீட்டு வாடகை வருமானத்துக்கு ஒரு கணக்கு, தொழில் வருமானத்துக்கு ஒரு கணக்கு என்று வருமான வரிச் சட்டம் ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. தொழில் என்றால் அந்தத் தொழிலுக்காகச் செய்த எந்தச் செலவையும் கழிக்க 37-வது பிரிவு இருக்கிறது. மூலதன ஆதாயத்துக்கு அப்படிப் பொதுவான பிரிவு கிடையாது. மூன்றே மூன்றுதான் கழியும்: விற்பனைக்கான செலவு, வாங்கிய அடக்க விலை, மேம்பாட்டுச் செலவு. இந்த மூன்றில் ஒன்றுக்குள் நுழையாத ரூபாய், நிஜமாகவே கையை விட்டுப் போயிருந்தாலும், கணக்கில் வராது.

பிஎம்எஸ் கட்டணம் இந்த மூன்றில் எதற்குள் நுழையும்? வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலேயே இதில் இரண்டு கருத்து. 2011-ஐ ஒட்டிய காலத்தில் புனே அமர்வு, மேலாளர் இல்லாமல் வாங்கலும் விற்றலும் நடந்திருக்காது, எனவே கட்டணம் அவற்றோடு பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கிறது என்று சொல்லிக் கழிவை அனுமதித்தது. அதே காலத்தில் மும்பை அமர்வு மறுத்தது. பங்கு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. போர்ட்ஃபோலியோவின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எனவே அது நிர்வாகத்துக்கான கூலி, விற்பனைக்கான செலவு அல்ல என்பது மும்பையின் பார்வை.

நாங்கள் இரண்டையும் எங்கள் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். அவர் கட்டிய நிலைக் கட்டணம் சராசரி மதிப்பின் மேல் போடப்பட்டது. அந்த வருடம் ஒரு பங்குகூட விற்காமல் இருந்திருந்தாலும் 1,11,000 ரூபாய் கட்டியே ஆக வேண்டும். செயல்திறன் கட்டணமாவது லாபத்தோடு ஒட்டியது என்று அவர் வாதாடினார். ஆனால் அந்தக் கட்டணம் விற்ற பங்கின் லாபத்துக்கு மட்டும் வரவில்லை. விற்காமல் கையில் வைத்திருக்கும் பங்குகளின் ஏற்றத்துக்கும் சேர்த்துத்தான். எந்த விற்பனைக்கு எத்தனை ரூபாய் என்று பிரித்துக் காட்ட ஒப்பந்தத்தில் வழியே இல்லை. மும்பை அமர்வின் காரணம் இவர் விஷயத்தில் அப்படியே பொருந்தியது.

இன்னொரு விஷயம். இந்த வழக்குகள் வந்த காலத்தில் எஸ்டிடி கட்டிய நீண்ட கால ஆதாயத்துக்கு வரியே இல்லை. குறுகிய கால ஆதாயத்துக்குத்தான் இந்தச் சண்டை. 2018 ஏப்ரல் முதல் 112ஏ பிரிவின்படி நீண்ட கால ஆதாயத்துக்கும் வரி வந்த பிறகு, நீண்ட நாள் பொறுமையாக வைத்திருப்பவரும் இந்தக் கேள்விக்குள் வந்துவிட்டார். கேள்வி பெரிதாகிவிட்டது, சட்ட வாசகம் அப்படியே இருக்கிறது. நிதி மசோதாவில் ஒரு வரி சேர்த்து இதைத் தீர்த்து வைக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் ரிட்டர்ன் போடுவது இருக்கும் சட்டத்தின்படிதான்.

யோசித்துப் பார்த்த வழிகள்

ஜூலை முதல் வாரம் உட்கார்ந்து பேசினோம். அவரும், அவருடைய மனைவியும், பெங்களூரிலிருந்து போனில் மாப்பிள்ளையும்.

முதல் வழி, புனே அமர்வின் கருத்தைப் பிடித்துக்கொண்டு கட்டணத்தைக் கழிப்பது. கட்டணமும் கஸ்டடியும் சேர்ந்து 2,97,360. இதைக் குறுகிய, நீண்ட கால ஆதாயங்களுக்கு விகிதப்படி பிரித்தால் மிச்சமாகும் வரி, செஸ் உட்பட, சுமார் 36,300 ரூபாய். இதற்காகப் பின்னால் விளக்கக் கடிதம், மேல்முறையீடு, தீர்ப்பாயம் என்று அலைய வேண்டி வரலாம். எங்கள் கட்டணமே அதைத் தாண்டிவிடும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. ஐந்து கோடி ரூபாய் போர்ட்ஃபோலியோவாக இருந்து, கட்டணத்தை ஒவ்வொரு விற்பனைக்கும் பிரித்துக் காட்டும் ஒப்பந்தமும் இருந்திருந்தால், முழு விவரத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கழிவு கேட்டுப் போராடலாம் என்று நான் சொல்லியிருப்பேன். இவர் விஷயத்தில் அது இல்லை.

இரண்டாவது வழி மாப்பிள்ளை சொன்னது. "மொத்தத்தையும் பிசினஸ் வருமானமா காட்டிடலாமே? அப்ப ஃபீஸும் கழியும், எஸ்டிடியும் கழியும்." சட்டப்படி அவர் சொன்னது சரி. தொழிலாகக் காட்டினால் 36-வது பிரிவின்படி எஸ்டிடியைக்கூடக் கழிக்கலாம். ஆனால் அப்போது சலுகை விகிதம் போய்விடும். வருமானம் முழுக்க ஸ்லாபில், அதாவது வருமானம் கூடக் கூட ஏறும் சாதாரண விகிதத்தில் விழும். இவருடைய மற்ற வருமானம் ஏற்கெனவே 16 லட்சம் என்பதால் புதிய வரி முறையில் மேலே வரும் ஒவ்வொரு ரூபாயும் 30 சதவீதம்.

கணக்கை எல்லோர் முன்னாலும் வெள்ளைத் தாளில் போட்டோம். மூலதன ஆதாயமாகக் காட்டினால்: குறுகிய காலம் 3,00,000-க்கு 15 சதவீதம், 45,000. நீண்ட காலம் 5,55,000-ல் ஒரு லட்சம் விலக்கு போக 4,55,000-க்கு 10 சதவீதம், 45,500. செஸ் சேர்த்து 94,120. தொழிலாகக் காட்டினால்: 8,55,000-லிருந்து கட்டணம் 2,97,360-ம் எஸ்டிடி 7,600-ம் போக 5,50,040. அதற்கு 30 சதவீதம், செஸ்ஸோடு 1,71,612. எல்லாச் செலவும் கழிந்த பிறகும் 77,000 ரூபாய்க்கு மேல் கூடுதல்.

அதோடு, 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளைத் தொழில் சரக்காகக் காட்டுவதா முதலீடாகக் காட்டுவதா என்று வரி செலுத்துபவரே தேர்வு செய்ய நேரடி வரிகள் வாரியத்தின் 2016 பிப்ரவரி 29 சுற்றறிக்கை இடம் கொடுக்கிறது. ஆனால் ஒருமுறை எடுத்த நிலையை அடுத்தடுத்த வருடங்களில் மாற்றக் கூடாது. லாபம் வரும் வருடம் முதலீடு, கட்டணம் கூடிய வருடம் தொழில் என்று தாவ முடியாது. இரண்டு வருடம் முதலீடாகவே காட்டியவர் இவர்.

மூன்றாவதாக அவரே ஒன்று கேட்டார். பிஎம்எஸ் கணக்கில் 58,000 ரூபாய் டிவிடெண்ட் வந்திருந்தது. அதிலாவது கட்டணத்தைக் கழிக்கலாமா? முடியாது. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு நம் கையில் வரி வந்தபோதே, அதற்கு எதிராக வட்டிச் செலவு மட்டும், அதுவும் டிவிடெண்டில் 20 சதவீதம் வரை மட்டுமே கழியும் என்று 57-வது பிரிவில் எழுதிவிட்டார்கள். இவர் கடன் வாங்கி முதலீடு செய்யவில்லை.

ஆலோசனைச் சந்தாவும் டீமேட் ஆண்டுக் கட்டணமும் எந்தப் பரிவர்த்தனையோடும் ஒட்டாதவை. அவற்றைப் பற்றி விவாதமே வரவில்லை, எடுத்துவிட்டோம்.

எடுத்த முடிவு

மூலதன ஆதாயமாகவே காட்டுவது. புரோக்கரேஜையும் அதோடு போகும் கட்டணங்களையும் மட்டும், பங்கு வாரியாக, ஒரே ஒரு முறை கழிப்பது. எஸ்டிடி, பிஎம்எஸ் கட்டணம், கஸ்டடி, சந்தா எதையும் கழிக்காமல் விடுவது. 94,120 ரூபாய் வரி. அவர் போட்டுக் கொண்டு வந்த கணக்கைவிடச் சுமார் 40,000 அதிகம். ஜூலை 27 அன்று ரிட்டர்ன் போட்டோம்.

சம்மதித்தார், ஆனால் மனம் ஒப்பிச் சம்மதிக்கவில்லை. அவர் முகத்தில் அது தெரிந்தது. அவர் மனைவிதான், "கட்டிட்டு நிம்மதியா தூங்குங்க" என்று முடித்து வைத்தார்.

பழைய இரண்டு வருடங்கள்

இது அதைவிடக் கடினமான பேச்சு. 2021-22, 2022-23 நிதியாண்டு ரிட்டர்ன்களிலும் அவர் இதே முறையில் கழித்திருந்தார். முதல் வருடம் 95,000 ரூபாய், இரண்டாவது வருடம் 1,45,000. இரண்டு வருடத்துக்கும் திருத்த ரிட்டர்ன் போடும் காலம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது 139(8ஏ) பிரிவில் புதுப்பித்த ரிட்டர்ன் மட்டும். அதற்குக் கூடுதல் வரி உண்டு: மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த வருடம்) முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் என்றால் 50 சதவீதம்.

போடாமல் விட்டால் என்ன என்று கேட்டார். துறை கேட்கவே கேட்காமல் போகலாம், அதையும் சொன்னேன். கேட்டால், குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம் அபராதம், தவறாகக் காட்டியது என்று முடிவானால் 200 சதவீதம். நேர்மையான விளக்கமும் முழு விவரமும் கொடுத்திருந்தால் 270ஏ பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. பிஎம்எஸ் கட்டணம் மட்டும் தனியாகக் கழித்திருந்தால், தீர்ப்பாயக் கருத்து ஒன்று தன் பக்கம் இருக்கிறது என்று அந்தப் பாதுகாப்பைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் ரிட்டர்னில் அந்தக் கட்டணமும், இரண்டு முறை கழித்த புரோக்கரேஜும், எஸ்டிடியும், சந்தாவும் ஒன்றாகக் கலந்து, விற்பனைச் செலவு என்ற ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக நின்றன. விவாதத்துக்கு இடமுள்ள ஒன்றும் இடமே இல்லாத மூன்றும் ஒரே பொட்டலத்தில் இருந்தால், நல்லதையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

விவாதமே இல்லாத தொகைகளை மட்டும் திருத்திவிட்டுக் கட்டணத்தை அப்படியே விடலாமா என்பதையும் யோசித்தோம். இந்த வருடம் கழிக்காமல் விட்டதைப் போன வருடம் கழித்ததாக வைத்துக்கொள்வது முரண். முழுவதும் திருத்துவது என்று அவரே முடிவு செய்தார். 2024 செப்டம்பரில் இரண்டு புதுப்பித்த ரிட்டர்ன்களும் போட்டோம். வரி மட்டும் 33,000. வட்டியும் கூடுதல் வரியும் சேர்த்து மொத்தம் கிட்டத்தட்ட 56,000 ஆனது. முதல் வருடமே யாரிடமாவது காட்டியிருந்தால் இந்தக் கூடுதல் 23,000 போயிருக்காது.

அதற்குப் பின் நடந்தது

ஆகஸ்ட் கடைசியில் பிஎம்எஸ்ஸில் சேர்ந்து மூன்று வருடம் முடிந்தது. அதற்கு முன் வெளியேறினால் எக்ஸிட் லோட் என்ற வெளியேறும் கட்டணம் உண்டு. செபி விதியில் முதல் வருடம் 3, இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 1 சதவீதம் வரை. இடையில் ஜூலை 23 பட்ஜெட்டில் குறுகிய கால வரி 20 சதவீதமாகவும் நீண்ட கால வரி 12.5 சதவீதமாகவும் ஏறியது; விலக்கு 1.25 லட்சமானது. வரி விகிதம் ஏறினால் கழிக்க முடியாத கட்டணத்தின் சுமையும் ஏறும்.

மியூச்சுவல் ஃபண்டாக இருந்தால் இந்தப் பிரச்சினை வருமா என்று கேட்டார். எதில் போடுவது என்று நாங்கள் சொல்வதில்லை. வரிக் கணக்கை மட்டும் சொன்னேன். ஃபண்டில் மேலாண்மைச் செலவு என்ஏவிக்கு (ஒரு யூனிட்டின் நிகர மதிப்புக்கு) உள்ளேயே கழிந்துவிடுகிறது. அதனால் நமக்கு வரும் ஆதாயமே கட்டணம் போன பிறகான ஆதாயம்தான். ஒரு லட்சம் ரூபாய் கட்டணத்தை பிஎம்எஸ்ஸில் தனியாகக் கட்டினால், நீண்ட கால விகிதத்தில் செஸ்ஸோடு 13,000 ரூபாய் வரி அந்தக் கட்டணத்தின் மேலும் சேர்ந்து போகிறது, ஃபண்டில் போவதில்லை. ஒரே வேலைக்குக் கொடுக்கும் ஒரே கூலி, கட்டும் இடத்தைப் பொறுத்து இரண்டு விதமாகிறது.

அக்டோபரில் பிஎம்எஸ்ஸை முடித்துக்கொண்டார். பங்குகளை விற்றுப் பணமாக வாங்காமல், தன் இன்னொரு டீமேட் கணக்குக்கு அப்படியே மாற்றிக்கொண்டார். உரிமையாளர் மாறவில்லை, அதனால் ஆதாயமும் இல்லை, வரியும் இல்லை. ஆனால் புதிய கணக்கின் ஆப்பில் எல்லாப் பங்குகளுக்கும் வாங்கிய விலை காலியாகவும், மாற்றிய நாளே வாங்கிய நாளாகவும் காட்டியது. பரிவர்த்தனை அறிக்கையை முன்பே வாங்கி வைத்திருந்ததால் பழைய தேதியையும் விலையையும் கையால் ஏற்ற முடிந்தது. முதலில் வந்தது முதலில் போகும் என்ற கணக்குமுறை இருக்கும் இடத்தில் அந்தத் தேதிகள் இல்லாமல் அடுத்த விற்பனைக்குக் கணக்கே போட முடியாது.

2024 நவம்பரில், ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்தது. போட்டபடியே ஏற்கப்பட்டிருந்தது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

இந்த வேலையின் நடுவே அவர் மனைவியின் கணக்கையும் பார்க்கச் சொன்னார்கள். அதற்காக எங்கள் அலுவலகத்தின் வழக்கமான ஷீட்டைத் திறந்தபோது, விற்பனை விலை நெடுவரிசையில் நாங்களே நிகரத் தொகையைத்தான் எடுத்து வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. 2020 முதல் அந்த ஷீட் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு வருடத்தில் சில நூறு ரூபாய் எஸ்டிடி என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. தொகை சின்னது என்பது சமாதானம் ஆகாது. ஷீட்டை மாற்றினோம்: மொத்த விலை, புரோக்கரேஜும் சார்ந்த கட்டணங்களும், எஸ்டிடி என்று மூன்று தனி நெடுவரிசைகள், எஸ்டிடி நெடுவரிசை எந்தச் சூத்திரத்திலும் சேராது. நடப்பு ரிட்டர்ன்கள் அனைத்தையும் அதில் மறுபடி ஓட்டினோம், முந்தைய வருடங்களில் தொகை பொருட்படுத்தத் தக்கதாக இருந்தவர்களிடம் சொல்லித் திருத்தினோம்.

பிஎம்எஸ் வைத்திருக்கும் யார் வந்தாலும் இப்போது சுருக்க அறிக்கையை ஏற்பதில்லை. சில நிறுவனங்களின் அறிக்கையில் லாபமே கட்டணம் கழித்த பிறகு அச்சாகிறது; அதை எடுத்துப் போட்டால் கழித்தோம் என்பதே தெரியாமல் கழித்துவிடுவோம். ஒப்பந்தத்தில் கட்டணம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்ற பக்கத்தின் நகலைக் கோப்பில் வைக்கிறோம். பிஎம்எஸ்ஸில் சேரப் போகிறேன் என்று முன்கூட்டியே கேட்பவர்களிடம், கட்டணம் போன பிறகான லாபத்தை வரியோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். இந்த வாடிக்கையாளரிடம் 2021-ல் யாரும் அதைச் சொல்லவில்லை.

அடுத்த ரிட்டர்ன் வேலைக்கு 2025 ஜூலையில் வந்தார். 2024 ஜூலை 23-க்கு முன் விற்றவை, பின் விற்றவை என்று ஷீட்டை இரண்டாகப் பிரித்திருந்தார். எஸ்டிடிக்குத் தனி நெடுவரிசை போட்டு, அதன் தலைப்புக்குப் பக்கத்தில் "சேர்க்கக் கூடாது" என்று சிவப்பில் எழுதியிருந்தார்.